காய்ச்சல் வந்த தாயின் பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள்

தாய்க்கு வைரஸ் காய்ச்சல் என்றால் முதலில் நிறுத்தப்படுவது தாய்ப்பால். "பிள்ளை, உனக்குக் காய்ச்சல் காயுது, அவனுக்குப் பால் குடுக்காதை, மாவைக் கரைச்சுப் பருக்குவம்" என்று வீட்டில் மூத்தவர்கள் சொல்வார்கள். சொல்பவரிடம் காரணம் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. டெங்கு, கொப்புளிப்பான், கொவிட், சாதாரண தடிமன் எதுவானாலும் தீர்ப்பு ஒன்றுதான். படித்தவர் வீட்டிலும் படிக்காதவர் வீட்டிலும் இதில் வேறுபாடு இல்லை. இந்தத் தீர்ப்பு தவறானது. பிள்ளையைக் காப்பதாக எண்ணிக்கொண்டு, பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய காவலை மிகவும் தேவைப்படும் நேரத்தில் பறித்துவிடுகிறது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு வைத்துப் பார்ப்போம். தாயின் உடலில் வைரஸ் இருக்கிறது. பால் அந்த உடலில் இருந்துதான் சுரக்கிறது. எனவே பாலிலும் வைரஸ் இருக்கும். பச்சைப் பிள்ளைக்கு நோயைத் தாங்கும் சக்தி இல்லை. பாலில் எதிர்ப்புச் சக்தி இருப்பதாகச் சொல்வது உண்மையானாலும், அது வேலை செய்யுமா என்பது நிச்சயமில்லை. தொற்றும் ஆபத்தோ கண்முன் நிற்கிறது. ஒரு கிழமைக்குப் பால்மா கொடுப்பதால் பெரிய நட்டம் எதுவும் வராது. தாய் சுகமானதும் மீண்டும் பால் கொடுக்கலாம். இப்படி எண்ணுபவர்கள் பிள்ளையின் மீது அக்கறை இல்லாதவர்கள் அல்லர். எச்ஐவி போன்ற சில வைரஸ்கள் பால்வழியாகப் பரவும் என்பதும் உண்மை. ஆகவே இந்த வாதத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதன் ஒவ்வொரு படியும் தனித்தனியே சரிந்துவிழுகிறது.

அச்சம் எப்படி விதியாகிறது என்பதற்கு யாழ்ப்பாணத்து அரியாலை அறிந்த ஓர் உதாரணம் உண்டு. சுவிற்சர்லாந்திலிருந்து வந்த போதகர் ஒருவர் 2020 மார்ச் 15 அன்று அரியாலைத் தேவாலயம் ஒன்றில் ஆராதனை நடத்தினார். அவரோடு பழகிய ஒருவருக்கு ஒரு வாரத்துக்குள் தொற்று உறுதியானது. அவரே யாழ்ப்பாணத்தின் முதல் கொவிட் நோயாளி. ஆராதனைக்குப் போனவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள், ஊரடங்கு வந்தது, குடாநாடே ஒருவரையொருவர் அண்ட அஞ்சியது. வளர்ந்தவர்களிடையே அந்த இடைவெளி நியாயமானது. அதே விதியைத் தாய்க்கும் பாலுக்கும் நீட்டியதில்தான் பிழை ஏற்பட்டது. அது நமது ஊரில் மட்டும் நடந்ததன்று. தொற்றுள்ள தாயையும் சிசுவையும் பிரிக்கும்படி அந்த ஆண்டின் தொடக்கத்தில் சீன வைத்தியர்கள் வழிகாட்டினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2020 ஏப்ரலில் தற்காலிகப் பிரிவைப் பரிந்துரைத்தது. சான்றுகள் சேர்ந்ததும் ஜூலையில் அந்த நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. தாய்ப்பாலைத் தொடரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவந்தது. அமெரிக்க வல்லுநர்கள் மூன்று மாதத்தில் கைவிட்ட கருத்து, நமது வீடுகளில் இன்னும் சட்டமாக இருக்கிறது.

1. பிரித்தால் தொற்று நின்றுவிடுமா? காய்ச்சல் தெரியவரும் நாளில் வைரஸ் தாயின் உடலுக்குள் வந்து பல நாட்கள் ஆகியிருக்கும். கொவிட், இன்புளுவென்சா, கொப்புளிப்பான் ஆகியவை அறிகுறி தெரியுமுன்பே பரவத் தொடங்கிவிடுகின்றன. அந்த நாட்கள் முழுவதும் பிள்ளை தாயின் மடியில்தான் கிடந்திருக்கிறது. அவளுடைய மூச்சுப் பட்டிருக்கிறது, அவள் கை வாயில் பட்டிருக்கிறது. தொற்றவேண்டியது பெரும்பாலும் தொற்றியிருக்கும். அதற்குப் பிறகு பாலை நிறுத்துவதால், வந்துவிட்ட வைரஸை எதிர்க்க வருவது மட்டுமே தடைப்படுகிறது. டெங்கில் இந்தத் தர்க்கம் இன்னும் மோசமாக உடைகிறது. டெங்கு மூச்சாலோ தொடுகையாலோ பரவுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் யாழ்ப்பாணத்தில் நுளம்பு பெருக டெங்கும் பெருகுகிறது. 2023 இன் இறுதியில் அதன் உச்சத்தைப் பார்த்தோம். தாய்க்கு டெங்கு என்றால் பிள்ளைக்கு வேண்டியது நுளம்புவலை. டெங்கு வைரஸின் தடயம் தாய்ப்பாலில் காணப்பட்டதும், பால்வழியாகத் தொற்றியிருக்கலாம் என்று கருதப்படும் ஓரிரு சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் பதிவானதும் உண்மை. ஆனால் வீட்டுக்குள் பறக்கும் நுளம்பின் ஆபத்துக்கு முன்னால் அந்த ஆபத்து மிகச் சிறியது. வலையைக் கட்டாமல் பாலை நிறுத்துவது, பெரிய வாசலைத் திறந்துவைத்துச் சிறிய துவாரத்தை அடைப்பதாகும்.

2. பாலில் வைரஸ் இருந்தால் அது நோயைக் கொடுக்கும் என்பது நிரூபிக்கப்பட்டதா? பலர் இதைக் கேள்வியாகக்கூடக் கருதுவதில்லை. பாலில் வைரஸின் மரபணுத் துண்டு கிடைப்பது வேறு, உயிரோடு பெருகும் வைரஸ் கிடைப்பது வேறு, அது பிள்ளைக்குத் தொற்றுவது வேறு. கலிபோர்னிய ஆய்வாளர்கள் கொவிட் தொற்றிய 18 தாய்மாரின் 64 பால் மாதிரிகளைச் சோதித்து 2020 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஒரு மாதிரியில் மரபணுத் தடயம் இருந்தது. பெருகக்கூடிய வைரஸ் ஒன்றிலும் இல்லை. அதே ஆண்டில் நியூயோர்க்கில் தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறந்த 120 சிசுக்கள் பின்தொடரப்பட்டார்கள். தாய்மார் முகக்கவசம் அணிந்தார்கள், கை கழுவினார்கள், பாலும் கொடுத்தார்கள். முதல் நாளில் ஒரு பிள்ளைக்கும் தொற்று இல்லை. ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் மறுபடி சோதிக்கப்பட்ட 79 பிள்ளைகளிலும் ஒருவருக்கும் இல்லை. இதற்கு நெடுங்காலம் முன்பே, ஈரல் அழற்சி பி விடயத்தில் இதே அச்சம் சோதிக்கப்பட்டது. அந்த வைரஸைச் சுமந்த தாய்மாரின் பிள்ளைகளைத் தாய்வான் ஆய்வு ஒன்று 1975 இல் ஒப்பிட்டது. தடுப்பூசி இல்லாத அந்தக் காலத்தில், தாய்ப்பால் குடித்த 92 பேரில் 49 பேருக்கும், குடிக்காத 55 பேரில் 33 பேருக்கும் தொற்று ஏற்பட்டது. வீதத்தில் சொன்னால் 53, 60. பாலை நிறுத்தியதால் ஒரு பிள்ளைகூடத் தப்பியதாக இந்தக் கணக்கு காட்டவில்லை.

3. பாலில் எதிர்ப்புச் சக்தி உண்டு என்பது தாய்மையைப் புகழ்வதற்காகச் சொல்லும் வார்த்தையா? போல் ஏர்லிக் என்ற ஜேர்மன் விஞ்ஞானி 1892 இல் எலிகளை வைத்து இதைச் சோதித்தார். நச்சுக்கு எதிராகப் பழக்கப்பட்ட தாய் எலியிடம், பழக்கப்படாத தாய்க்குப் பிறந்த குட்டிகளைப் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. கருவில் கிடைக்காதது பாலில் கிடைத்தது. மனிதப் பாலில் அந்த வேலையைச் செய்வது எது என்பது, சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் ஹான்சன் 1961 இல் பாலின் பிறபொருளெதிரிகள் குருதியில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை என்று காட்டியதோடு தெளிவாகத் தொடங்கியது. பாலில் மிகுந்திருப்பது சுரப்பு ஐஜிஏ என்ற பிறபொருளெதிரி. பிரசவமான முதல் நாட்களில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலில் அது மிகச் செறிவாக இருக்கிறது. பின்னர் பால் பெருகும்போது செறிவு குறைந்தாலும், பிள்ளை குடிக்கும் ஒவ்வொரு முறையும் வந்துகொண்டே இருக்கிறது.

அது பாலுக்குள் எப்படி வருகிறது என்பதைக் கிட்ட நின்று பார்க்கவேண்டும். தாய் ஒரு வைரஸை மூச்சோடு உள்ளிழுக்கிறாள், அல்லது உணவோடு விழுங்குகிறாள். அவளுடைய குடலிலும் சுவாசப் பாதையிலும் காவல் இருக்கும் வெண்குருதிக் கலங்கள் அதை அடையாளம் காண்கின்றன. பால் சுரக்கும் காலத்தில் அவற்றில் ஒரு பகுதி குருதியோடு பயணித்து மார்புச் சுரப்பியில் போய்க் குடியேறுகிறது. சுரப்பி விடுக்கும் இரசாயன அழைப்பே அவற்றை அங்கே இழுக்கிறது. அங்கிருந்து அவை அந்த வைரஸுக்கென்றே பிறபொருளெதிரியை உற்பத்தி செய்கின்றன. சுரப்பியின் கலங்கள் அதை ஏந்திப் பாலுக்குள் விடும்போது, சமிபாட்டு நொதியங்கள் எளிதில் சிதைக்காதபடி ஒரு புரதக் கவசமும் சேர்ந்துகொள்கிறது. அந்தப் பால் பிள்ளையின் வாய், தொண்டை, குடல் ஆகியவற்றின் உட்சுவரில் படிகிறது. வைரஸ் உடலின் கலத்தில் ஒட்டுமுன்பே அதைப் பற்றிக்கொள்கிறது. தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில், ஒரே காற்றில் இருப்பதால், தாய் சந்திக்கும் கிருமியே பிள்ளை சந்திக்கப்போகும் கிருமியும் ஆகும். தாய்க்குக் காய்ச்சல் வந்த கிழமையில் அவளுடைய உடல் அந்தக் கிருமிக்கு எதிரான பிறபொருளெதிரியைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது. உலகில் எந்தப் பால்மாத் தொழிற்சாலையும் அந்த வீட்டின் அந்தக் கிழமைக் கிருமிக்கு மருந்து செய்து அனுப்ப முடியாது. அந்தக் கிழமையில்தான் நாம் பாலை நிறுத்துகிறோம்.

4. ஆய்வுகூடத்தில் தெரிவது பிள்ளையின் உடம்பில் நடக்கிறதா? நியாயமான கேள்வி. கொவிட் தொற்றிய 18 தாய்மாரின் 37 பால் மாதிரிகளைச் சோதித்த இன்னோர் ஆய்வு, ஒன்றிலும் வைரஸைக் காணவில்லை. 62 வீதமான மாதிரிகள் வைரஸைச் செயலிழக்கச் செய்தன. இஸ்ரேலில் தடுப்பூசி போட்ட 84 தாய்மாரின் பாலில், முதல் ஊசிக்கு இரண்டு வாரத்திலேயே 61.8 வீதமான மாதிரிகளில் கொவிட்டுக்கு எதிரான ஐஜிஏ தெரிந்தது. இவை குழாய்க்குள் கிடைத்த சான்றுகள். பிள்ளை நோயிலிருந்து தப்பியது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும். அதற்குப் பெலாரஸில் 31 வைத்தியசாலைகளில் 17,046 தாய்-சேய்களை வைத்து நடத்தி 2001 இல் வெளியிட்ட பெரும் சோதனை இருக்கிறது. தாய்ப்பாலை ஊக்குவித்த வைத்தியசாலைகளின் பிள்ளைகளில் 9.1 வீதத்தினருக்கு முதலாம் ஆண்டில் குடல் தொற்று வந்தது, மற்றவற்றில் 13.2 வீதத்தினருக்கு வந்தது. சுவாசத் தொற்றில் தெளிவான வேறுபாடு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். ஆக, பால் எல்லா நோயையும் ஒரேயளவில் தடுப்பதில்லை. குடலில் அதன் காவல் உறுதியானது, சுவாசப் பாதையில் அதைவிட மெல்லியது. ஆனால் எதிர்த்தரப்பு சொன்னது இதுவன்று. "பால் ஆபத்து" என்பதே அவர்கள் சொன்னது. பால் குடித்த பிள்ளைகளுக்குத் தொற்று கூடியதாக இந்தச் சோதனை காட்டவில்லை.

5. பாலை நிறுத்தினால் அந்த இடத்துக்கு வருவது எது? ஒரு கிழமைப் பால்மாவால் நட்டமில்லை என்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். வருவது பால்மா மட்டுமல்ல. போத்தலும் சூப்பியும் கிணற்றுத் தண்ணீரும் சேர்ந்து வருகின்றன. சூப்பியின் அடியில் ஒட்டிய பால்படையை விரல் போட்டுக் கழுவ முடியாது. காய்ச்சலில் கிடக்கும் தாயின் வீட்டில் இரவு இரண்டு மணிக்கு அதை அவித்தெடுப்பவர் யார்? தண்ணீரைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் பசளையும் மலக்குழிக் கசிவும் நிலத்தடி நீரில் எளிதாகக் கலக்கின்றன. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டுகிறது. கடனீரேரியை ஒட்டிய அரியாலை போன்ற இடங்களில் உவர் வேறு ஏறுகிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். சில மாதப் பிள்ளையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனை நைத்திரேற்று குறைத்து, உடலை நீலம் பாரிக்கச் செய்யலாம். தாயின் காய்ச்சலுக்கு அஞ்சிப் பிள்ளையை இந்தத் தண்ணீரிடம் ஒப்படைப்பது என்ன காப்பு? இன்னொரு விளைவும் உண்டு. உறிஞ்சாத மார்பில் பால் கட்டும், வலிக்கும், சிலருக்குச் சீழ்பிடிக்கும், சுரப்பு குறையும். போத்தலில் இலகுவாகக் குடித்துப் பழகிய பிள்ளை மீண்டும் மார்பைப் பற்ற மறுக்கலாம். ஒரு கிழமைக்கென்று நிறுத்தியது பல வீடுகளில் முழுதாகவே நின்றுபோகிறது. 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். குடும்பநல மாதர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்த செல்வம் அது. அதை ஒவ்வொரு காய்ச்சலுக்கும் ஒவ்வொரு வீட்டில் இழக்கவேண்டியதில்லை.

6. அப்படியானால் எச்ஐவி? எதிர்த்தரப்பின் வலுவான கேள்வி இது. பதில் மறைக்கவேண்டியதன்று. எச்ஐவி, எச்ரிஎல்வி என்ற வைரஸ், எபோலா ஆகியவை பால்வழியாகத் தொற்றக்கூடியவை. மிகக் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு சைட்டோமெகலோ என்ற வைரஸ் பாலோடு போய்த் தீங்கு செய்யலாம். மார்பிலேயே ஹேர்பீஸ் கொப்புளம் இருந்தால் அது ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்கக்கூடாது. பிரசவத்துக்கு 5 நாள் முன்னிருந்து 2 நாள் பின்வரைக்குள் தாய்க்குக் கொப்புளிப்பான் போட்டால் சிசுவுக்குக் கடுமையான ஆபத்து உண்டு. பிறந்தவுடன் பிறபொருளெதிரி ஊசி கொடுக்கவேண்டும், சிலவேளை தாயிடமிருந்து பிரித்தும் வைக்கவேண்டும். அப்போதும் கறந்த பாலைக் கொடுக்க வழி உண்டு. எச்ஐவியில்கூட, மருந்தை ஒழுங்காக எடுத்து வைரஸ் அடங்கிய தாயிடம் ஆபத்து மிகக் குறைவு. தாயிலிருந்து சேய்க்கு எச்ஐவி பரவுவதை ஒழித்த நாடென்று 2019 டிசம்பரில் இலங்கை சான்றிதழ் பெற்றது. இவை ஒவ்வொன்றும் பரிசோதனையால் அறியப்பட்டு, வைத்தியர் பெயர் சொல்லித் தீர்மானிக்கும் விதிவிலக்குகள். விரல் விட்டு எண்ணக்கூடிய இவற்றைக் காட்டித் தடிமனுக்கும் டெங்குக்கும் பாலை நிறுத்துவது, விதிவிலக்கை விதியாக்குவதாகும்.

7. பால் இவ்வளவு காக்குமென்றால் தடுப்பூசி எதற்கு? இந்தக் கேள்வி பாலை மிகையாக நம்புபவர்களிடமிருந்து வருகிறது. இதுவும் தவறான பிடிதான். பாலின் ஐஜிஏ பிள்ளையின் குருதிக்குள் குறிப்பிடத்தக்க அளவில் போவதில்லை. வாயிலும் குடலிலும் படிந்து காக்கிறது, பால் நின்றால் காவலும் நிற்கிறது. பிள்ளையின் குருதியில் இருக்கும் தாயின் பிறபொருளெதிரி வேறு வகையானது. கருவிலிருக்கும்போது சூல்வித்தகம் வழியாக வந்தது. மாதங்கள் போக அது கரைகிறது. சின்னமுத்து இதற்கு உதாரணம். சின்னமுத்து வந்து மீண்ட தாயைவிட, தடுப்பூசி போட்ட தாயிடம் அந்தப் பிறபொருளெதிரி குறைவு. இன்றைய தாய்மார் பெரும்பாலும் தடுப்பூசித் தலைமுறை. அவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு முன்கூட்டியே தீர்ந்துவிடுகிறது. சின்னமுத்தை ஒழித்த நாடென்று 2019 இல் அறிவிக்கப்பட்ட இலங்கையில் அது 2023 இல் மீண்டும் பரவியது. ஒன்பது மாதத் தடுப்பூசிக்குக் காத்திருந்த கைக்குழந்தைகளும் பாதிக்கப்பட்டார்கள். அதனால் 2024 ஜனவரியில் யாழ்ப்பாணம் உட்பட ஒன்பது மாவட்டங்களில், ஆறிலிருந்து ஒன்பது மாதப் பிள்ளைகளுக்கு மேலதிக ஊசி போடப்பட்டது. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும் போட்டார்கள், அது சரியானது. பால் தடுப்பூசிக்கு மாற்றாகாது. தடுப்பூசியும் பாலுக்கு மாற்றாகாது. தாய் தானே போட்டுக்கொள்ளும் ஊசியின் பலன் அவளுடைய பாலிலும் சேர்கிறது என்பதைத்தான் இஸ்ரேலிய ஆய்வு காட்டியது.

8. தாய் எடுக்கும் மருந்தும், காய்ச்சல் சூடும் பாலைக் கெடுக்காதா? காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கும் பரசிட்டமோல் பால் கொடுக்கும் தாய்க்கு ஏற்றது. வேறு மருந்து வேண்டியிருந்தால், பால் கொடுப்பதை முன்கூட்டியே சொன்னால் வைத்தியர் பொருத்தமானதைத் தெரிவார். காய்ச்சலில் தாயின் உடல்வெப்பம் ஓரிரு பாகை கூடுவதால் பாலின் குணம் மாறிவிடாது.

வீடுகளும் விடுதிகளும் செய்யவேண்டியவை தெளிவானவை. தாய்க்குத் தடிமன், காய்ச்சல், கொவிட் என்றால் முகக்கவசம் அணிந்து, கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிப் பால் கொடுக்கட்டும். டெங்கு என்றால் இருவரையும் நுளம்புவலைக்குள் வைக்கட்டும். எழும்ப முடியாத தாயின் பாலைக் கறந்து, சுத்தமான கிண்ணத்தில் வீட்டில் ஒருவர் பருக்கட்டும்; போத்தல் வேண்டாம். "நிறுத்து" என்ற சொல்லைச் சொல்ல உரிமை உள்ளவர், மேலே சொன்ன விதிவிலக்குகளில் எது பொருந்துகிறது என்று பெயர் குறிப்பிட்டுக் காட்டும் வைத்தியர் மட்டுமே. வைத்தியசாலை விடுதியில் தாயைச் சேர்க்கும்போது, பிள்ளை எங்கே, பால் எப்படிப் போகப்போகிறது என்று கேட்பது சேர்க்கைக் கேள்விகளில் ஒன்றாகவேண்டும். மகளையும் மருமகளையும் காக்க விரும்பும் மூத்தவர்களின் அக்கறைக்கு இதைவிட நல்ல வேலை இருக்கிறது: சமையலையும் துவையலையும் பொறுப்பெடுத்து, தாயைப் படுக்கவிட்டு, பிள்ளையைப் பால் நேரத்துக்கு அவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பது. காய்ச்சல் நாட்களில் பால் நிற்காமல் இருப்பதற்கு வேண்டிய உதவி அதுதான். அதைச் செய்யும் வீட்டில் பால்மாப் பெட்டிக்கு வேலை இருக்காது.